ஒடுக்கும் கோபுரமும்

கம்பெனித் தாளில் இருக்கிறது:
ஆளுக்கு வெந்த கடலை நூற்றிருபது கிராம்.
இரவு ஷிப்ட், நூற்று நாற்பது பேர்,
திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு.
தேங்காயும் மாங்காயும் எடையில் சேராது.
'வெந்த' என்பதற்குக் கீழே
பேனாவால் இரண்டு கோடு.

எனக்குத் தெரிந்தது ஆழாக்குதான்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்துக்கு எதிரே
பதினோரு வருஷமாய்
மொண்டு, கவிழ்த்து, காசு வாங்கிப் பழகிய கை.
கிலோ என்பது மளிகைக் கடையோடு சரி,
காய்ந்த கடலைக்கு.
வெந்துவிட்டால் அதற்கு வயிறுதான் தராசு.
ஒரு கிலோ ஊறப் போட்டால்
விடிகாலையில் மூடியைத் தள்ளி எட்டிப் பார்க்கும்.
எத்தனை ஆழாக்கு என்று கேள், சொல்வேன்.
எத்தனை கிலோ என்று
இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

மேரிபுஷ்பம் தராசைக் கொடுத்தாள்,
காலையெல்லாம் இறால் நிறுத்தது.
சோப்பு போட்டுத் தேய்த்தும்
கடல் முழுசாய்ப் போகவில்லை.
"முதல்ல வெறும் தட்ட வை. பட்டன அமுக்கு."
அமுக்கினேன்.
கண்ணெதிரே இருக்கிற தட்டு
கணக்கில் இல்லாமல் போனது. சைபர்.
இந்தப் பட்டன் வீட்டிலும் ஒன்று இருந்தால்
சில ஆட்களுக்கு அமுக்கலாம்.

ஒரு கிலோ வெந்து, வடிந்து,
இரண்டு கிலோ முந்நூறு.
"தண்ணியோட நிறுத்தா லாபம்க்கா," என்றான்
வேன் ஓட்டும் டில்லிபாபு.
ஆரோக்கியதாஸ் சார் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார், தம்பி.
கொதிக்கக் கொதிக்க வைத்த தட்டு
டீ குடித்துவிட்டு வருவதற்குள்
நாலு கிராம் இளைத்திருந்தது.
ஆவிக்கு யார் பேரில் பில் போடுவது?

பாசிப்பயறையும் பார்த்துவிடுவோம் என்று பார்த்தேன்.
அதே ஆழாக்கு, எடை கூட.
அது காலை நேரத்து மின்சார ரயில்,
தோளும் தோளும் ஒட்டி நிற்கும்.
கறுப்புக் கடலை அப்படியில்லை.
உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே
காற்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது,
டிக்கெட் வாங்காமல்.

அடுப்புச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டு வந்தேன்.
இங்கேதான் கணக்கு இடறியது.
கொருக்குப்பேட்டையில் வாங்கின புது ஆழாக்கு,
தலை தட்டி அளந்தால் நூற்றுப் பதினைந்து.
என் பழைய ஆழாக்கு, தலை தட்டினால்
நூற்றிரண்டு.
மறுபடி வைத்தேன். நூற்றிரண்டு.

இடுப்பில் அந்த ஒடுக்கு.
கடன் சொல்லாமலே காசு தராமல் நடந்தவன் முதுகில்
நான்தான் வீசினேன்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒடுங்கியது இதுதான்.
அன்றையிலிருந்து ஆழாக்குக்குப் பதிமூன்று கிராம்
எனக்குத் தெரியாமல்
நான் திருடியிருக்கிறேன்:
ஐஸ் வண்டிக்காரரிடம், வலை பின்னுகிறவர்களிடம்,
பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளிடம்.

மேரிபுஷ்பம் சிரித்தாள்.
"நீ என்னிக்குடி தலை தட்டி அளந்த?"

உண்மைதான்.
என் கை எப்போதும் கோபுரமாய்த்தான் மொள்ளும்,
சரிந்து விழுகிறவரைக்கும்.
அதை வைத்தேன் தராசில்.
நூற்றுப் பதினேழு.

ஒடுக்கு பிடித்துக்கொண்டதைக்
கோபுரம் திருப்பிக் கொடுத்திருக்கிறது.
பேசி வைத்துக்கொள்ளவில்லை இரண்டும்.
மிச்சம் இரண்டு கிராம்.
அதை எண்ணிப் பார்த்தேன், மூன்று கடலை.
ஒன்றை மேரிபுஷ்பம் தின்றாள்.

கம்பெனித் தாளில் கோபுரத்துக்குக் கட்டம் இல்லை.
பதினாறு கிலோ எண்ணூறு, அவ்வளவுதான்.
இன்று ராத்திரி ஏழேகால் கிலோ ஊறப் போடுகிறேன்.
போட்டுவிட்டு,
தராசைத் துடைத்து உறையில் வைத்துவிட்டு,
கை தானாகப் போய்
இன்னும் ஒரு பிடி அள்ளியது.
அதை நிறுக்கவில்லை.